பெரியவர் மீதான விசாரணை

உலக வரலாற்றை எழுதியவர்கள் நாய்களுக்குப் பெரும் அநீதி இழைத்துவிட்டார்கள். அந்தக் களங்கத்தை எங்கள் கம்பெனிதான் துடைத்தது. மூன்றே பக்கத்தில். எழுதியவன் அடியேன்.

நாங்கள் சுழல்நாற்காலி தயாரிக்கிறோம். எங்கள் எம்.டி. ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். வந்ததும், "ஆபீஸ்ல ஒரு நாய் இருந்தா மன அழுத்தம் பாதியா குறையுதாம்" என்றார். எங்களுக்கு மன அழுத்தம் இருப்பதே அதுவரை தெரியாது. தெரிந்ததும் எல்லோருக்கும் வந்துவிட்டது.

ஏழு மேலாளர்கள் கொண்ட குழு நான்கு முறை கூடி, வேலைநாய் இனம்தான் வேண்டும் என்று தீர்மானித்தது. எங்கள் மாடியில் 'வேலை' என்ற சொல் நாயின் பேரிலாவது இருக்கட்டும் என்ற தொலைநோக்கு. இனத்தின் வரலாறும் குணநலனும் எழுதும் பொறுப்பு பதினோரு வருடமாக இங்கே உதவி மேலாளராக இருக்கும் என் தலையில் விழுந்தது.

உயிரைக் கொடுத்து எழுதினேன். முன்னோர்கள் பனிமலையில் மாடு மேய்த்தது, பால்வண்டி இழுத்தது, ஓநாயோடு மல்லுக்கட்டியது எல்லாம் வந்தன. அறுபது கிலோ, குரைப்பது அபூர்வம், கடிக்காது. இரண்டாம் பக்கம் நான்காம் பத்தியில் இப்படி ஒரு வரி: 'மந்தையை விட்டுத் திரியும் மாடுகளைக் கண்டால் இதற்குப் பொறுக்காது. தலையால் முட்டித் தள்ளி, ஒவ்வொன்றாகத் தொழுவத்தில் சேர்த்த பிறகுதான் ஓயும்.' ஏழு பேரும் 'படித்தேன், சம்மதம்' என்று கையெழுத்திட்டார்கள். எங்கள் கம்பெனியில் கையெழுத்துக்கும் படிப்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

நாய் வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் அண்ணன் தன்னையறியாமல் எழுந்து, "வாங்க பெரியவரே" என்றார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

மறுநாள் காலை பெரியவர் மாடியைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலிகள் முப்பது. உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! நேரே காபி மெஷினுக்குப் போனார். அங்கே விற்பனை மேலாளர் தன் மச்சினன் கட்டும் வீட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி இரண்டாம் மாடி வரை வந்திருந்தார். பின்னாலிருந்து ஒரு முட்டு.

"யாருய்யா அது?"

இன்னொரு முட்டு. தள்ளிக்கொண்டே போய் நாற்காலியில் சேர்த்துவிட்டு, பெரியவர் மாடிப்படிப் பக்கம் கிளம்பினார். அங்கே ஐந்து பேர் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு முப்பது நாற்காலியிலும் ஆள். எங்கள் நாற்காலி எவ்வளவு வசதி என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரே வாரத்தில் தேங்கிய கோப்பெல்லாம் தீர்ந்தது. ஒரு வாடிக்கையாளர் பதறிப்போய் போன் செய்தார். "புகார் குடுத்து ஒரு வருஷம் ஆச்சு. இப்பப் போய் பதில் வருதே, ஆபீஸ்ல ஏதாவது அசம்பாவிதமா?"

எட்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு எம்.டி. வந்தார். வந்தவர் வழக்கம்போல் ஒவ்வொரு மேஜையாக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டு நகர்ந்தார். பெரியவருக்குப் பதவி புரியாது. முட்டித் தள்ளி, அறைக்குள் சேர்த்து, கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார். ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை. செய்வதறியாத எம்.டி. மேஜைமேல் இருந்த கோப்புகளைப் படித்துவிட்டார். அதில் நான் எழுதிய நாய் வரலாறும் ஒன்று.

மறுநாள் எம்.டி. அறையில் விசாரணை.

"மாடுன்னு யாரைய்யா எழுதினே?"

"நான் மாட்டைத்தான் சார் எழுதினேன். அது நம்மள அப்படி எடுத்துக்கிச்சு."

"நீங்க ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"படிக்கவும் சொல்வீங்கன்னு நினைக்கலை சார்" என்றார் விற்பனை மேலாளர்.

நாயை அனுப்பிவிடலாம் என்று எம்.டி. சொல்லும்போதே, அழைக்காமலே வாட்ச்மேன் அண்ணன் உள்ளே வந்தார். "சார், அவர் யாரையும் கடிக்கலை. வேலை பார்த்தாரு. அதுக்காகவா போகச் சொல்றீங்க?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க சார். அவர் குணத்தை எழுதினவர் நீங்கதானே?"

சொல்லியிருக்கலாம். ஆனால், "எம்.டி. எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

'மன அழுத்தம் விளைவித்த' குற்றத்துக்காகப் பெரியவர் நீக்கப்பட்டார். வாட்ச்மேன் அண்ணன் தன் ஒற்றை அறை வீட்டுக்கே அவரைக் கூட்டிப்போனார். வாசலில் பெரியவர் ஒருமுறை நின்று, மாடியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் காபி மெஷின் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

நேற்று மாற்று நாய் வந்தது. கைக்குள் அடங்கும் பஞ்சுப்பொதி. எம்.டி. உட்கார்ந்தால் மடியில் ஏற வேண்டும், எழுந்தால் பின்னாலேயே போக வேண்டும், சிரித்தால் வாலாட்ட வேண்டும். பணி விவரம் அவ்வளவுதான். ஆனால் குட்டிக்கு இன்னும் பழக்கம் போதாதாம். பயிற்சி தர அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்றார் எம்.டி. ஏழு மேலாளர்களும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள்.

'இத்துறையில் பதினோரு வருட அனுபவம் உள்ளவர்' என்று உத்தரவும் வந்துவிட்டது. இந்த முறை முழுசாகப் படித்தேன். மறுப்பதற்கு ஒரு வரி கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.