படிக்கக் கூடாத வரி

மந்தைவெளியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் பேய் ஓட்டுகிறார்கள். மனிதர்களுக்கு அல்ல, அதெல்லாம் அந்தக் காலம். இது கம்ப்யூட்டருக்கு!

மாடிப்படி முழுக்கச் செருப்பு. வாசலில் ஆட்டோ மேல் ஆட்டோ. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், கைக்குழந்தையைப் போலத் துண்டு சுற்றிக்கொண்டு இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். நேற்றுவரை ஓடியது, பின்னால் எதையோ செருகினார்கள், மறுநாள் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ எழுத்து மட்டும் நிற்கிறது.

"அது பேயோட கையெழுத்து" என்பார் யந்திர சித்தர் குருபிரசாத் சுவாமிகள். "படிச்சா, படிச்சவா மேல ஏறிடும்!"

ஆகவே யாரும் படிப்பதில்லை. ஆடிட்டர், வக்கீல், பேராசிரியர் எல்லோரும் கண்ணை இறுக மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். காசு செலவழித்துப் படித்த படிப்பு!

சுவாமிகளின் வைத்தியம் இரண்டு வகை. ஓட்டை மெஷின் என்றால் கீபோர்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து, திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோவார். வெளியே வரும்போது ஓடும். செருகியிருந்த சாமான் மட்டும் காணாமல் போயிருக்கும். அதையும் இதையும் சேர்த்து யோசிக்க யாருக்கு நேரம்? கொஞ்சம் நல்ல மெஷின் என்றால் பேய் முற்றிவிட்டதாம். திருவான்மியூர்க் கடலில் கரைக்க வேண்டுமாம். கரைப்பவர் சுவாமிகளே. கூட யாரும் வரக் கூடாது.

அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டிய மெஷின், மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவனுடையது. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அவர் மனைவி ஜானு பாட்டு டீச்சர். வருடக் கணக்காக ஸ்வரம் ஸ்வரமாகத் தட்டி அவள் எழுதிய புத்தகம் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கப் பிரதி எடுக்கிறேன் என்று பென் டிரைவைச் செருகிய கணவர், பிரதி எடுக்க மறந்துவிட்டார். செருகிய நேரம் ராகு காலம் என்பது மட்டும் மறக்கவில்லை.

பெங்களூரில் மகள் வீட்டிலிருந்து திரும்பிய ஜானு, சேதி கேட்டு, ரயில் பையோடு நேரே மாடியேறினாள்.

"ஏன்னா! என் புஸ்தகத்தையா சமுத்திரத்துல போடப் போறேள்?"

"சித்த மெதுவா பேசு ஜானு. பேய் முத்திடுத்தாம்."

"எங்கே, காட்டுங்கோ."

"படிக்காதே!" என்று சுவாமிகள் அலறினார்.

ஜானு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கச்சேரிக் குரலில் படித்தாள்: "ரிமூவ் டிஸ்க்ஸ் ஆர் அதர் மீடியா. பிரஸ் எனி கீ டு ரீஸ்டார்ட்."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ஜானு மேல் எதுவும் ஏறவில்லை. கோபம்தான் ஏறியது.

"செருகினதை எடுத்துட்டு ஏதாவது ஒரு பட்டனை அமுக்குன்னு எழுதியிருக்கு. ஆத்துல இங்கிலீஷ் பேப்பர்ல தப்புக் கண்டுபிடிக்கத் தெரியறது, இது தெரியலையா?"

பென் டிரைவைப் பிடுங்கினாள். பட்டனை அமுக்கினாள். மெஷின் முனகி எழுந்தது. புத்தகம் பத்திரமாக இருந்தது. ஜானுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அம்மாவோட சங்கீதத்துக்குப் பேய் மசிஞ்சுடுத்து!" என்றார் சுவாமிகள், சளைக்காமல்.

ஜானு பென் டிரைவைத் திரும்பச் செருகி, மெஷினை அணைத்துப் போட்டாள். பேய் வந்தது. பிடுங்கி, பட்டனை அமுக்கினாள். போய்விட்டது. "நான் இன்னும் பாடவே ஆரம்பிக்கலையே?"

வரிசையில் ராயப்பேட்டை கரீமுல்லா நின்றுகொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். "யக்கா, இதையும் கொஞ்சம் பாரேன். என் மெஷினைப் போன மாசம் சாமி கடல்ல போட்டுட்டாரு. அவரு சொன்ன கடையில இன்னிக்கிக் காலையிலதான் இதை வாங்கினேன். அச்சு அசல் பழசு மாதிரியே கீதேன்னு ஆசையா எடுத்தேன். இதுலயும் அதே பேய் கீது. கடல்லேர்ந்து நீந்தி வந்துட்ச்சுன்றாரு."

ஜானு மெஷினின் பின்பக்கம் தடவினாள். தூசிக்குள் ஒரு பென் டிரைவ். பிடுங்கி, அமுக்கினாள். திரை விடிந்தது. கேக் அப்பிய முகத்தோடு ஒரு சிறுமி சிரித்தாள்.

கரீமுல்லா உற்றுப் பார்த்தார். "இன்னாது... இது என் பொண்ணு மஹ்விஷ்! என் மெஷினு! யோவ் சாமி, எந்தக் கடல்லய்யா போட்டே?"

சுவாமிகள் திரைச்சீலைக்குப் பின்னால் ஓடினார். கூட்டம் சீலையைக் கிழித்தது. உள்ளே, கடலில் கரைந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் துளி உப்புப் படாமல், விலைச் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தன.

கலவரம் அடங்கியதும் ஸ்ரீனிவாசராகவன் மனைவியின் காதருகே குனிந்தார். "எதுக்கும், அந்த பென் டிரைவை மட்டும் கடல்ல போட்டுடலாமா?"

ஜானு ரயில் பையை அவர் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினாள். பதிலை நான் சொல்கிறேன். திருவான்மியூர்க் கடல் பெரியதுதான். ஆனால் படித்தவர்களின் பயத்தையெல்லாம் கொட்ட அதில் இடமில்லை. பேயே எழுதியதாக இருக்கட்டும் ஐயா, முதலில் அதைப் படித்துத் தொலையுங்கள்!