உத்தேச மெக்கானிக்

ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் ஒன்றை வாசலில் நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் வந்து நிற்பார். உங்களிடம் எதுவும் கேட்கமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், டயரைக் கால் கட்டைவிரலால் அமுக்குவார், பெட்ரோல் டாங்கைத் தட்டிக் காதைச் சாய்ப்பார், தலையை மூன்று தரம் மேலும் கீழும் ஆட்டுவார், பிறகு, தமக்கென்று ஒரு வண்டி எக்காலத்திலும் இருந்ததில்லை என்கிற விஷயம் துளியும் குறுக்கே வராத குரலில், "இதான் கோளாறு" என்பார். இவர்தான் உத்தேச மெக்கானிக். காரைக்குடியில் எங்கள் தெருவில் மட்டும் அறுபது பேர் தேறுவார்கள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா. திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. என் முறை எளிது. முதலில் தீப்பொறி, அடுத்து பெட்ரோல், அதற்கடுத்து காற்று. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

எழுபத்து நான்காம் வருஷம் அத்தா, என் தகப்பனார், இறந்தார். அன்றிலிருந்து அவர் வண்டி அசையவில்லை. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. சட்டையை யாரும் துவைக்கவில்லை. அம்மா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. வெள்ளிக்கிழமை முடிகிறது. முடிந்ததும் சிவகங்கையில் தன் தங்கை வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். அத்தா வண்டியிலேயே அழைத்துப் போவது என்று நான் முடிவு செய்தேன். பதினோரு வருஷம் அந்தப் பின்சீட்டில் போனவர். வேறெதில் போவார்?

அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். புதன்கிழமை ஆகிவிட்டது. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்தது. தள்ளிப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். இத்தா வீட்டுக்குள் வெளி ஆள் வரக்கூடாது. எனவே வண்டியைத் தெருவுக்கு இறக்கினேன்.

அதுதான் தப்பு.

முதலில் வந்தவர் சேக் பரீது மாமா. முப்பது வருஷம் பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர்.

"காயில் போச்சு தம்பி." தீப்பொறிக்கு மின்சாரம் கூட்டும் சுருளைச் சொல்கிறார்.

"இன்னும் பாக்கவே இல்லையே மாமா."

"பாக்கணுமாக்கும்? பினாங்குல தெருவுல வண்டி போற சத்தத்தை வச்சே சொல்லிருவேன்."

"இது சத்தமே போடலையே."

"அதான் சொல்றேன், காயில்."

அடுத்து நாச்சியப்பன் அண்ணன். நெற்குப்பையில் இவர் மாமனாருக்கு ஒரு கார் உண்டு. அந்தத் தகுதியில் பேசுபவர். "என்ஜின் ஜாம். இறக்கிர வேண்டியதுதான்" என்றார். ஜாமான என்ஜினில் கிக்கர் இறங்காது. அவர் சொல்லும்போதே அது என் காலடியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார்.

"உள் ஜாம்" என்றார்.

மூன்றாவது சத்தியமூர்த்தி சார், டிராயிங் மாஸ்டர். கோளாறு கார்புரேட்டரில் என்று சொல்லி, புழுதியில் குச்சியால் படம் வரைந்து விளக்கினார். படம் அழகாக இருந்தது. ஆனால் அவர் வரைந்த மாதிரி ஒரு பாகம் எங்கள் வண்டியில் எங்கேயும் இல்லை.

இந்த இனத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஆளுக்கொரு நோய் சொல்வார்கள். ஆனால் தங்களுக்குள் சண்டை போடமாட்டார்கள். எல்லோரும் ஒற்றுமையாகச் சேர்ந்து ஸ்பேனர் பிடித்தவனைப் பார்த்துத்தான் பரிதாபப்படுவார்கள்.

"படிச்ச பிள்ளைதான். ஆனா கை வராது" என்றார் நாச்சியப்பன் அண்ணன்.

"அங்குட்டுப் போயித் திருகுதே, கோளாறு இங்குட்டுல்ல இருக்கு" என்றார் மாமா.

அப்போது கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் ஆண்கள் நிற்கும்போது அம்மா குரல் கொடுக்கமாட்டார். கதவு இடுக்கில் போய் நின்றேன்.

"தம்பி, நான் என்ன சொல்றேன்னா..."

"வந்தவுகளுக்கு டீ, அதானேம்மா? இந்தா சொல்லிவிடுறேன்."

அதற்குள் ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள்; ஆறு டீ சொன்னேன். டீயைப் பார்த்ததும் கூட்டம் பத்தாயிற்று. மறுபடி தாழ்ப்பாள். மறுபடி டீ. மூன்றாம் தடவை அம்மா வாயைத் திறக்குமுன், "வெயில்ல நிக்காதங்கிறீக. தெரியும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் பாங்கு கேட்டதும் பரீது மாமா பள்ளிவாசலுக்குப் போனார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். தெரு காலி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தீப்பொறி இல்லை. பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்டைத் திறந்தேன். ஈரக்காற்றில் நான்கு மாதம் நின்றதில் அதன் முகம் வெளுத்துப் பூத்திருந்தது. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. நீலமாகப் பொறி வந்தது. பழைய பெட்ரோலை இறக்கிப் புதியது ஊற்றினேன். மூன்றாவது உதையில் வண்டி எடுத்துக்கொண்டது. பத்து நிமிட வேலை.

பெருமையோடு கதவைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. இரண்டு பக்கமும், அகலமாக, வண்டியை உள்ளே ஏற்றத் திறப்பதுபோல. அம்மா நிலைப்படிவரை வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

வண்டியை அணைத்தேன்.

"இந்தச் சத்தம் கேட்டா அடுப்புல இருக்கிறதை அப்படியே விட்டுட்டுக் கதவைத் திறக்க ஓடியாந்தே பழக்கம் தம்பி" என்றார் உள்ளிருந்து. "எனக்கு இது வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ல போவோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ எங்க கேட்ட? ஊருக்கு டீ வாங்கி ஊத்திக்கிட்டிருந்த."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனோம். பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்ட பரீது மாமா, "காயிலை மாத்துனியா?" என்று கேட்டார். மாற்றினேன் என்றேன்.

உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். நல்லது. ஆனால் வண்டி நின்றுபோனது என்று நான் சொன்னதுமே உங்கள் மனம் ஒரு கோளாறைச் சொல்லியிருக்கும். அம்மா எதற்குத் தட்டினார் என்றும் சொல்லியிருக்கும்.

எனக்கு டீ என்று சொன்னது. உங்களுக்கு?