சித்திரையில் ஏறிய கலங்கரை விளக்கம்

கடலே இல்லாத திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த ஒருவனுக்குக் கலங்கரை விளக்கங்களின் மீது பித்துப் பிடித்தால், வீட்டில் ஆதரவு கிடைக்காது. செம்பட்டியில் உரக்கடை நடத்திய காலத்தில், மார்கழி, தை மாதங்களில் கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கரையோர ஊர்களுக்குப் பேருந்து ஏறிவிடுவேன், தனியாகத்தான். என் மனைவி தனலட்சுமியின் கருத்து சுருக்கமானது. "கடல்ல போறவனுக்குத்தான அந்த வெளக்கு? நமக்கு என்னத்துக்கு?"

வயது ஏற ஏறத் தனிப் பயணம் கசந்தது. மன்றாடினேன். ஒரு சித்திரை மாதத்தில் அவள் இசைந்தாள், நிபந்தனையோடு. "ஒருக்கா வாரேன். புடிக்கலைன்னா அப்புறம் கூப்பிடப்படாது."

ஆகவே அன்றைய கலங்கரை விளக்கம் எனக்குத் தேர்வுக்கூடம்.

பழனிக்கு ஆண்டுதோறும் பாதயாத்திரை போகும் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு, உயரமான படிக்கட்டைக் கண்டால் கால் தானாகவே செருப்பை உதறிவிடும். எந்தக் கலங்கரை விளக்கத்திலும் நான் வெறுங்காலோடுதான் ஏறியிருக்கிறேன். அன்றும் செருப்பை எங்கே ஒப்படைப்பது என்று நுழைவுச்சீட்டு தரும் அம்மையாரிடம் வினவினேன்.

"ஐயா, இது கோயில் இல்ல. போட்டுக்கிட்டே ஏறுங்க."

உயிர் காக்கும் ஒளியின் மீது காலணியோடு ஏறுதல் முறையன்று என்பது குறித்து அவருக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன். (பின்னால் நின்ற வரிசை அதை ரசித்ததாகத் தெரியவில்லை.) தனலட்சுமி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் செருப்போடு ஏறினாள்.

உள்ளே படிகள் குளிர்ச்சியாகவே இருந்தன. உச்சியில் வெளிமாடத்துக்கு வந்து, கையை நீட்டி, "அதோ, வலப்புறத்தில் தெரிவது" என்று தொடங்கியவன், "ஆத்தீ" என்று முடித்தேன். சித்திரை வெயிலில் தளம் காய்ந்து கிடந்தது. தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி எப்படித் துள்ளுமோ, அப்படித் துள்ளினேன். திரும்பி ஓடலாமென்றால், குறுகிய வாசலில் ஒரு சுற்றுலாக் கூட்டமே ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, ஆடாதீங்க. இந்தாங்க, இதுல நில்லுங்க."

தனலட்சுமி தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். ஆளுக்கு ஒன்றில், ஒற்றைக் காலில், ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி கொக்குகளைப் போல் நின்றோம். செம்பட்டிக் கடைத்தெருவில் கைகோத்து நடந்தறியாதவர்கள் நாங்கள். கூட்டத்தில் வந்த ஒரு கல்லூரிப் பெண் அதைப் படமெடுத்து, என் மனைவியின் கைபேசிக்கும் அனுப்பிவைத்தாள். அவ்வளவு நேரமும் தனலட்சுமி என்னைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில், கொப்புளம் கண்ட கால்களை ஈரத்துண்டில் வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"அடுத்து எந்த ஊரு?" என்றாள்.

பிடித்துவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கடல் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல, உங்களத் தனியா விட்டா செருப்பு குடுக்க யாரு இருக்கா?"

அதன் பிறகு நான் தனியாகச் சென்றதில்லை. அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டமிடப்பட்டுத் தொங்குகிறது. நாங்கள் பையோடு கிளம்பும்போதெல்லாம், ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த எங்கள் மருமகள் வாசல்வரை வந்து மிகுந்த பணிவோடு கேட்பாள்:

"ஏனுங்க மாமா, ஆளுக்கு ஒரு சோடி எடுத்து வைக்கட்டுங்களா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு போதுங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் தனலட்சுமி சொல்லிவிடுவாள்: "ஒண்ணே போதும் தாயி."