என்ஜின் ஆயில் ஆய்வுக் குழு

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வால்வுக்காரர் அதில் ஏறித் தெருத் தெருவாகப் போவார். நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகுவார். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். வண்டி நின்றால் தண்ணீர் நிற்கும். ஆகவே, வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று அவர் வாய்மொழியாகத் தெரிவித்தபோது அலுவலகம் அதை உரிய கவனத்துடன் எடுத்துக்கொண்டது. அதாவது, என் தலையில் கட்டியது.

நான் அங்கே தலைமை எழுத்தர். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "ஆயில்ல எவ்வளவோ விஷயம் இருக்குங்க, சும்மா எதையாவது ஊத்திட முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவன் நிபுணனாக அவ்வளவு போதும்.

அதிகாரி கூப்பிட்டார். "ஒரு குழு போட்டுடுவோம். நான் தலைவர், நீங்க செயலாளர், வால்வுக்காரர் உறுப்பினர். அவசரப்பட்டுச் செஞ்சுட்டாங்கன்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாது."

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியோட ஒரு புத்தகம் குடுத்திருப்பாங்களே. அதுல எந்த ஆயில்னு போட்டிருக்காதா?"

"போட்டிருக்கு. பத்து டபிள்யூ முப்பது."

"அப்ப அதை ஊத்த வேண்டியதுதானே?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் அலுவலக மேஜை மேல் 'குழுச் செயலாளர்' என்று பலகை வைத்தாகிவிட்டது. "உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் புத்தகத்தைக் குழுவின் மேலான பார்வைக்கு வைத்தேன். அதிகாரி அதைத் தொடாமலே கேட்டார்: "இதை அச்சடிச்சது யாரு?"

"வண்டி செஞ்ச கம்பெனிதான் சார்."

"வண்டியும் அவன், புத்தகமும் அவன். தன் வண்டியைப் பத்தி அவனே சொல்றதை நாம எப்படி ஏத்துக்க முடியும்?"

கைப்புத்தகம் சம்பந்தப்பட்ட தரப்பு என்பதால் தள்ளுபடி செய்யப்பட்டது. அப்படி எழுதியவன் நான். அந்த வாக்கியத்தின் அழகில் மயங்கி இரண்டு முறை வாசித்தும் காட்டினேன்.

பிறகு ஆயில் பற்றிய என் உரை. முதல் எண், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது எண், சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். இதுவரை சரியாகத்தான் சொன்னேன். நடுவில் உள்ள டபிள்யூ 'வாட்டர்' என்பதன் முதல் எழுத்து, நம் துறைக்கு அளிக்கப்பட்ட கௌரவம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

அடுத்த கூட்டத்தில் அது 'வின்டர்', அதாவது குளிர்காலம் என்று நானே திருத்த வேண்டியதாயிற்று.

"இப்ப வெயில் காலம்தானே?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"அப்ப குளிர்கால எழுத்துக்கு இங்க என்ன வேலை? அடிச்சிடுங்க."

அடித்தேன். டபிள்யூ இல்லாத பத்து முப்பது வேண்டும் என்று கடை கடையாக நானே போய்க் கேட்டேன். ஒரு கடைக்காரர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

உறுப்பினரான வால்வுக்காரருக்கு வேறு ஆசை. "பந்தய வண்டிக்கு ஊத்துறாங்களே சார், செவப்பா இருக்கும். அதை ஊத்தினா வண்டியோட சத்தமே மாறிடுமாம்."

"நீங்க போற வேகத்துக்கு நாய்கூடத் துரத்துறதில்லையே?"

"ஆயில் சரியில்லாததனாலதான் சார்."

குழு முடிவெடுக்கும்வரை பழைய ஆயிலில் வண்டி ஓட்டுவது குழுவை அவமதிப்பதாகும் என்று அவர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டார். வால்வுக் குழிகள் எல்லாம் நடக்கிற தூரம்தான். நடந்து போனால் என்ன என்று கேட்டேன். அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு தடவை நடந்து போயிட்டா, அப்புறம் வண்டி எதுக்குன்னு மேலிடத்துல கேக்க மாட்டானா?"

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. எங்கள் தெருவில் குழாய்கள் இருமத் தொடங்கின.

கடைசியில் அதிகாரியே வழிகாட்டினார். அவருடைய காருக்கு ஊற்றுவது முழு சிந்தெடிக் ஆயில்; இருப்பதிலேயே உயர்ந்தது. "என் காருக்கு ஒண்ணு, ஆபீஸ் வண்டிக்கு ஒண்ணுன்னு நான் பாகுபாடு பாக்கறதில்ல. அதையே ஊத்துங்க."

இங்கேதான் நான் நிபுணன் என்பது நிரூபணமாகியிருக்க வேண்டும். காரில் கிளட்ச் தனியாக இருக்கும். மோட்டார் சைக்கிளிலோ என்ஜினைக் குளிப்பாட்டுகிற அதே ஆயிலில்தான் கிளட்சும் குளிக்கிறது. கார் ஆயிலில் வழுவழுப்புக்கென்று மருந்து கலந்திருந்தால் கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். அந்த வீடியோவில் நான் ஒழுங்காகப் பார்த்த பகுதி அது ஒன்றுதான். வாயைத் திறந்தேன்.

"சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"அருமையான தேர்வு சார்."

மாலை போடாத குறையாக ஆயில் ஊற்று விழா நடந்தது. போட்டோ எடுத்தோம். வால்வுக்காரர் வண்டியைக் கிளப்பி முறுக்கினார். என்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. வண்டி மட்டும் வாசலைத் தாண்ட யோசித்து யோசித்து நகர்ந்தது. வால்வுக்காரருக்குப் பரம திருப்தி. "சத்தம் மாறிடுச்சு பாத்தீங்களா?"

"சத்தம் வந்தாச்சு. வேகம் அடுத்த கட்டத்துல வரும்," என்று அதிகாரி உள்ளே போய்விட்டார். குழுவின் காலம் நீட்டிக்கப்பட்டது.

குழாய்கள் இருமுவதையும் நிறுத்திவிட்டன. மக்களுக்கு விளக்கம் சொல்வது கடமை என்று நினைத்து, எங்கள் பகுதி வாட்ஸப் குழுவில் மெல்லிய ஆயில், கெட்டி ஆயில் இரண்டின் குணநலன்களையும் நீளமாக எழுதிப் போட்டேன். மறுநாள் காலை காலிக் குடங்களோடு ஒரு கூட்டம் அலுவலக வாசலுக்கு வந்தது. 'இரண்டொரு நாளில் சீராகும்' என்று மனப்பாடம் செய்துகொண்டு வெளியே போனேன்.

முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். "எங்க தெருவோட கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "இருபது டபிள்யூ ஐம்பது. நல்லா கெட்டியா. இந்த வெயிலுக்கு அதுதான் தாங்கும்."

"அதெப்படி?" என்று பின் தெருத் தையல்காரர் குடத்தைக் கீழே வைத்தார். "மெல்லிசு ஆயில்தான். எங்க தெரு மொத்தமும் மெல்லிசு."

வாக்குவாதம் முற்றியது. தண்ணீர் என்ற சொல்லை யாருமே உச்சரிக்கவில்லை. கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். இடுப்பில் குடத்தோடு என் பக்கத்தில் வந்து, "நம்ம தெரு கெட்டி. நீங்க பாட்டுக்கு மாத்திப் பேசி மானத்த வாங்கிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அலுவலகம் காலியானதும் மூலையில் கிடந்த வால்வுச் சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. குளிக்க வேண்டும் போலிருந்தது. எங்கள் தெரு வால்வைத் திருகினேன். கை வலித்தது. குழிக்குள் தண்ணீர் புரண்டு ஓடும் சத்தம் கேட்டதும் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பின் தெருவுக்கும் திறந்துவிட்டு, சாவியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இரண்டு தெருவிலிருந்தும் புகார் வந்தது. தங்கள் ஆயிலை ஊற்றாமலேயே தண்ணீர் விட்டுத் தங்கள் போராட்டத்தை முறியடித்தது யார் என்று ஓவிய வாத்தியார் கேட்டார். தையல்காரரும் அதையே கேட்டார். முதல் தடவையாக இரு தெருவும் ஒற்றுமையாக நின்றன.

அதிகாரி கொதித்துப்போனார். அனுமதியில்லாமல், அதுவும் நடந்து போய், அலுவலகப் பணியைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணை அலுவலர், வழக்கம்போல, நான்.

எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தேன். யாரிடமும் தடுமாற்றமே இல்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்கவே தாங்கள் எந்த வேலையும் செய்யவில்லை என்பதற்கு ஆளுக்கொரு சாட்சியோடு வந்தார்கள். வால்வுக்காரர் நான்கு பேரைக் கூட்டி வந்தார். அதிகாரிக்கு ஊரே சாட்சி. சாட்சி இல்லாதவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "எனக்காக ஒரு சாட்சி சொல்லணும். வர முடியுமா?"

"என்னன்னு?"

"நான் எந்த வேலையும் செய்யலன்னு."

"அவ்வளவுதானே," என்றாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்தே சொல்லட்டுமா, இல்ல அன்னிக்கு மட்டும் போதுமா?"