பட்டன் இல்லாத பாட்டுப்பெட்டி

அமுக்கினால் உள்ளே போய், விட்டால் வெளியே வர வேண்டிய பட்டன் அது. உள்ளே போனது. வரவில்லை.

தர்மன் பெட்டியைத் தொடையில் தட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் தலையை ஆட்டிப் பார்த்தான். பாட்டு வரவில்லை. சார்ஜரில் சொருகினான். விளக்குகூட எரியவில்லை.

"போச்சுடா!" என்றான். கேட்க ஆளில்லை. வாசலில் நின்ற கோழி மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும் அந்தப் பாட்டுப்பெட்டி. மூன்று பட்டன், பின்னால் ஒரு கிளிப்பு, ரெண்டு காதுக்கும் ஒயர். அவன் பெண்டாட்டி சிந்தாமணியுடையது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் போன் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால் அவள் தம்பி வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நாள் வேலைக்குக் கொண்டு போனாள். அப்புறம், கொட்டகைத் தூசு ஆகாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டாள். சாயங்காலம் சோற்றை வடித்துவிட்டு, ஒயரை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் அரைமணி நேரம் அசைய மாட்டாள். சில நாள் தனக்குள் சிரிப்பாள். ஒரு நாள் முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்தாள். பாட்டு கேட்க ஆரம்பித்த பிறகு அவள் வைக்கிற குழம்புகூடத் திருந்தியிருந்தது.

அழ வைக்கிற அளவுக்கு அது என்ன பாட்டு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்றைக்கு எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை. சிந்தாமணி தன் தங்கச்சி பரிமளாவைக் கூட்டிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவாள்.

தொடக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. "இதுல மட்டும் கை வெச்சீங்க, மறுபடியும் தா.பழூர்தான், பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தாள்.

தா.பழூர் அவள் அம்மா வீடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போய் நாற்பது நாள் இருந்துவிட்டாள். அடித்தானா, குடித்தானா, ஒன்றும் இல்லை. "வூட்ல நாலு செவுரு இருக்கு. அஞ்சாவது செவுத்துக்கு நான் சோறாக்கிப் போடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பகலெல்லாம் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனுக்கு வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பது நாளும் தர்மன் ஆக்கிய சோற்றைக் கோழிகூடத் தொடவில்லை.

ஆகையால் பெட்டி பாடியே ஆக வேண்டும்.

கொண்டை ஊசியால் நெம்பினான். மூடி திறந்தது. கூடவே ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளி வாசலில் விழுந்தது. அவன் எழுந்திருப்பதற்குள் கோழி அதைப் பொறுக்கிக்கொண்டது.

"ஏய்! துப்பு! துப்புடி!"

கோழி துப்புமா? முழுங்கிவிட்டு, அடுத்தது எங்கே என்று அவன் கையைப் பார்த்தது.

உடைசலை அள்ளிக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சாகுல் ஹமீது கடை. லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து செல்போன் கடை போட்டவர்.

"பாய், இது எங்க வூட்டுக்காரியோடது. இதே மாதிரி ஒண்ணு வேணும். அச்சு அசலா இருக்கணும்."

சாகுல் ஹமீது அவன் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தார். "யா அல்லாஹ்! என்னாண்ணே, போஸ்ட்மார்ட்டம் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க? இந்த மாடலே இப்ப வரதில்ல. கம்பெனிக்காரன் மாத்திப்புட்டான். இதான் புதுசு."

பழசில் பாதிதான் இருந்தது புதுசு. புளியங்கொட்டை மாதிரி வழவழ என்றிருந்தது. தர்மன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பட்டன் எங்க பாய்?"

"பட்டன்லாம் இல்லண்ணே. தொட்டாப் போதும். ஒரு தட்டு தட்டுனா பாடும். இன்னொரு தட்டு, நிக்கும். ரெண்டு தட்டு சேத்துத் தட்டுனா அடுத்த பாட்டு. ஒயர் இல்லேன்னாலும் சத்தமாப் பாடும். பேசக்கூடப் பேசும்."

"அதான் பாய் வெனையே!" என்றார் பக்கத்தில் நின்ற கலைச்செல்வன். சிமெண்டு லாரி டிரைவர். கையில் அதே புளியங்கொட்டை. "திருப்பிக் குடுக்கத்தான் வந்திருக்கேன். முன்ன ரோட்டப் பாத்துக்கிட்டே பட்டனத் தடவிப் பாட்ட மாத்துவேன். இதுல எங்க தடவுனாலும் ஒரே மாதிரி இருக்கு. அதுவும் போகட்டும், வண்டி குழில எறங்கி ஏறுனா அத ரெண்டு தட்டுன்னு நெனச்சிக்கிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுது. அரியலூர் போறதுக்குள்ள நூறு பாட்டு. ஒண்ணுகூட முழுசாக் கேக்கல!"

"ரோட்டுக்கு நான் என்னாண்ணே பண்றது?"

"எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்றாள் நர்சிங் படிக்கிற சிவரஞ்சனி. அவளும் ஒன்று வாங்க வந்திருந்தாள். "பழசு தூக்குச்சட்டி மாதிரி இருந்திச்சு. இது மூக்குத்தி மாதிரி எவ்ளோ அழகா இருக்கு!"

"மூக்குத்தி மாதிரியே தொலைஞ்சும் போயிடும்" என்றார் டிரைவர்.

"போயிடுச்சு. அதான் ரெண்டாவது வாங்குறேன்."

தர்மன் ஒரு தட்டு தட்டினான். பாடவில்லை. இன்னொரு விரலால் தட்டினான். கட்டை விரலை வைத்துத் தேய்த்தான். பத்து விரலும் முடிந்தது. வறுத்த கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் காய்த்துப்போன விரல்கள்.

"ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான் பாய். என்னைத் தெரியவே தெரியாதுங்கும். கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்குறேன்."

"இது கண்ணுக்கெல்லாம் மசியாதுண்ணே. வூட்ல அவங்க வெரல் எப்படி?"

"அவளுக்கு என்னைவிட மோசம்" என்றான் தர்மன்.

சிவரஞ்சனி ஒரு விரலை வைத்தாள். உடனே பாடியது. இன்னொரு தட்டில் நின்றது. வேறு வழியில்லை, வாங்கிக்கொண்டான். பழைய பெட்டியிலிருந்த சின்ன கார்டை எடுத்து பாய் புதுசில் போட்டுக் கொடுத்தார்.

"பாட்டெல்லாம் அவங்க கேட்டதேதான். இன்ஷா அல்லாஹ், வித்தியாசமே தெரியாது."

பஸ் கிளம்பி ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "பவர் ஆன்" என்றது ஒரு பெண் குரல், அவன் சட்டைப் பையிலிருந்து.

முன் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தது. அடுத்து நாயனமும் தவிலுமாகப் பாட்டு கிளம்பியது. தர்மன் பையைத் தட்டினான். நிற்கவில்லை. ஓங்கித் தட்டினான். ரெண்டு கையாலும் அறைந்தான்.

கண்டக்டர் ஓடி வந்தார். "என்னாங்க, நெஞ்சு வலியா? வண்டிய ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லவா?"

"வலியெல்லாம் இல்ல சார்." பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முன் சீட்டை நோக்கிக் குனிந்தான். "ஏம்மா, ஒங்க வெரலக் கொஞ்சம் குடுங்கம்மா."

"என்னாது?"

"வெரலும்மா. ஒண்ணே ஒண்ணு போதும்."

"கண்டக்டர்! இந்த ஆளு என் வெரலக் கேக்குறான்!"

பஸ் முழுக்கத் திரும்பியது. எங்கேயாவது ஒளித்து வைத்த பட்டன் இருக்குமோ என்று பெட்டியைக் கண்ணருகே கொண்டு போனான். மூக்கு நுனி அதில் பட்டது.

பாட்டு நின்றது.

அவன் உடம்பில் மூட்டை தூக்காத உறுப்பு அது ஒன்றுதான். அதை மட்டும் பெட்டிக்கு அடையாளம் தெரிந்தது. அவன் ஊரான ஆண்டிமடம் வருவதற்குள் பஸ் குலுங்கின குலுக்கலில் நாலு தடவை பாட்டு கிளம்பியது. நாலு தடவையும் மூக்கை வைத்து நிறுத்தினான். கீரைக்கார அம்மா இறங்கும்போது, "முத்தங் குடுத்தாத்தான் அடங்கும்போல" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை தோன்றியது. புதுசு சின்னது. பழசின் உள்ளே இருப்பதை உதறிவிட்டால் கூடு காலி. இதை அதற்குள் வைத்து மூடி ஒட்டிவிட்டால், வெளியே பார்க்க அதே மூன்று பட்டன், அதே கிளிப்பு. ஒட்டுகிற பசையைத் தேடி எடுத்தான்.

கை வேலை செய்தாலும் மனசு தா.பழூரிலேயே நின்றது. அவள் போய்விட்டால் சோறு ஒரு கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு. சிந்தாமணியை நேருக்கு நேர் பார்த்தால் அவனுக்கு இன்னமும் நாக்கு எழாது. அவள் காதில் ஒயர் ஏறிவிட்டால் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பேசுவான். மேஸ்திரி திட்டினது, தோள்பட்டை வலி, குழம்பில் உப்பு தூக்கல், உன் தம்பி ஒரு ஊதாரி, எல்லாம் சொல்லுவான். ஒரு நாள், "ஒன் கைய அந்தக் கொட்டைலேர்ந்து எடுத்துடணும்னுதான் பாக்குறேன் புள்ள, முடியல" என்றுகூடச் சொல்லிவிட்டான். அவளுக்குத்தான் கேட்காதே! அந்த அரைமணி நேரம் பேசினால்தான் அவனுக்குப் பாரம் இறங்கும். அவள் போய்விட்டால் யாரிடம் பேசுவது? கோழியிடமா?

பசையைத் தடவி, மூடியை வைத்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தான்.

அழுத்தின வேகத்தில் உள்ளே புதுசு குலுங்கியது. "பவர் ஆன்." நாயனம் தொடங்கியது.

மூக்கை வைத்தான். கூட்டின் மேல் மூக்கு பட்டது, உள்ளே படவில்லை. மூடியைத் திறக்கலாம் என்று விரலை எடுத்தான். விரல் வரவில்லை. பசை நல்ல பசை.

பஸ் ஹார்ன் கேட்டது. தர்மன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"என்னாங்க சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே சிந்தாமணி வந்தாள். கையில் வளைகாப்பு வளையல், தலையில் பூ. பின்னால் பரிமளா.

"சத்தமா? எங்க?"

"அக்கா, மாமா முதுகு பாடுதுக்கா!" என்றாள் பரிமளா.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கையை முன்னால் கொண்டுவந்தான். கட்டை விரலில் பெட்டி ஆறாவது விரல் மாதிரி ஒட்டிக்கொண்டு பாடியது.

"நாந்தான் புள்ள ஒடச்சிட்டேன். பட்டன அமுக்குனேன், உள்ள போயிடுச்சு. ஸ்பிரிங்கக் கோழி முழுங்கிடுச்சு. பழைய மாடல் இல்லேன்னுட்டாரு பாய். பஸ்ல என் மானமே போச்சு. புதுச உள்ள வெச்சு ஒட்டிட்டேன். இதுக்காக தா.பழூருக்குப் போயிடாத புள்ள."

நேருக்கு நேர் நின்று அவளிடம் அவன் இத்தனை வார்த்தை பேசியது இதுதான் முதல் தடவை. சிந்தாமணி அவனையே பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இது எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"பட்டன் இல்லேன்னா?"

"அதுக்கில்ல."

"மூக்குத்தி மாதிரி இருக்குன்னு கடையில ஒரு பொண்ணு சொல்லிச்சே?"

"அழகாத்தான் இருக்கு."

"பின்ன என்னாதான் கொறை?"

"பாடுதே!" என்றாள் சிந்தாமணி. சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பரிமளா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரிமளா, நீ வாய மூடு!"

"எப்புடிக்கா மூடுறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தர்மன் பக்கம் திரும்பினாள் பரிமளா. "அந்தப் பழசு செத்து ஒரு வருஷம் ஆவுது மாமா. காதுல ஒயரு இருந்தாத்தான் நீங்க வாயத் தொறக்குறீங்கன்னு, அக்கா தெனமும் அத சும்மாவே மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு!"