ஸ்ரீநாத் ஓவன் திறந்த படலம்

வெந்நீரன்றி வேறொன்றும் சமைத்தறியாத தாமரைக் கையன், அபிராமபுரத்து மூன்றாம் மாடி ஆளும் கோமான், ஸ்ரீநாத் வாழ்க! அவன் துணிவு நீடூழி வாழ்க! முன்னாளில் லீட்ஸ் மாநகரில் கல்வி பயின்ற அவன் மனைவி மதுமதி, அடியில் ஆப்பிளும் மேலே பஞ்சென உப்பிய கேக்குமாய் அங்கே உண்ட ஈவ்ஸ் புட்டிங்கை நினைந்து பிறந்தநாள்தோறும் பெருமூச்செறிவாள். எட்டாவது பெருமூச்சைத் தாளாத அவ்வீரன், இன்று அவள் அலுவலகம் விட்டு வருமுன் தானே அதைச் சுட்டு முடிப்பதாக வஞ்சினம் உரைத்து எழுந்தான்.

ஆப்பிள் கழுவக் குழாயைத் திறந்தான். அது ஒருமுறை கனைத்து மௌனம் பூண்டது. வாட்ச்மேன் சுப்பராயன் போனில் அபயம் அளித்தார்: "தண்ணி லாரி வந்துகினு கீது சார். வந்ததும் மோட்டார் போட்டுடறேன்." அற்பத் தடைக்கு அஞ்சாத செம்மல், குழாயை அப்படியே விட்டுவிட்டு, கேன் தண்ணீரில் காரியத்தை முடித்தான்.

அடுத்து ஓவன். கல்யாணப் பரிசாக வந்த நாள்முதல் அனல் கண்டறியாத அக்குகையினுள் இட்லித்தட்டுகளும் பணியாரக்கல்லும் முறுக்கு அச்சும் மூடியிழந்த டப்பாக்களும் டப்பாவிழந்த மூடிகளும் பாசறை அமைத்திருந்தன. அத்தனையையும் வெளியேற்றி, மேடையிலும் மேசையிலும் நாற்காலிகளிலும் ஃப்ரிட்ஜின் சென்னியிலும் குடியமர்த்தியபின் தனக்கென இடமின்றி, தரையில் அமர்ந்து, மடியில் பாத்திரம் தாங்கி, முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் தோள் துவள அடித்து, எவர்சில்வர் பாத்திரத்து ஆப்பிள்மேல் பொழிந்து, உள்ளே செலுத்தினான். நாற்பது நிமிடத்தில் பொற்குன்றெனப் பொலிந்து எழுந்தது புட்டிங்! அவனுக்கே நம்ப முடியவில்லை.

கரித்துணி பற்றிய இரு கரங்களில் ஏந்தித் திரும்பினான். அந்தோ, வைக்க இடமில்லை! மேடையை இட்லித்தட்டுகள் காத்தன. மேசையை மூடிகள் முற்றுகையிட்டிருந்தன. துணியை ஊடுருவிச் சூடு விரல்களைத் தாக்கியது. வாசலில் மணியும் ஒலித்தது. எஞ்சியிருந்த ஒரே வெற்றிடமாகிய சிங்கில் அதை இறக்கிவிட்டு ஓடினான்.

"மதுமதி! லீட்ஸ் மாநகரம் உன் இல்லம் தேடி வந்திருக்கிறது!" என முழங்கினான். மணம் முகர்ந்த அவள் விழிகள் பனித்தன. அக்கணமே அடுக்களையில் அருவி ஆர்ப்பரித்தது. லாரி வந்துவிட்டது, சுப்பராயன் சொன்ன சொல் தவறவில்லை. இருவரும் ஓடிச் சென்று பார்க்கையில், பொற்குன்று குளமாகியிருந்தது.

மதுமதி குழாயை மூடினாள். "தண்ணி வரலேன்னா குழாய மூடி வைங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

அடியில் இருந்த ஆப்பிளை மட்டும் ஆளுக்கொரு ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிட்டார்கள்.