பெரிய திரையில் என் மனைவியின் பதில்கள்

கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதில் எந்தப் பட்டதாரிக்கும் சளைத்தவன் இல்லை. எடமலைப்பட்டி புதூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். டப்பா மூடிகள் சரியாக இருக்கின்றனவா என்று கனவில்கூடப் போய்ப் பார்ப்பேன்.

மகள் நித்யாவின் நிச்சயதார்த்தம், ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில். அவளுடைய சின்ன வயதுப் படங்களைப் பெரிய திரையில் ஓட்டுவதாக ஏற்பாடு. படங்கள் என் போனில். ஓட்டுவது அவள் லேப்டாப்பில். இரண்டையும் வயர் இல்லாமல் இணைக்க ஒரு இலவச ஆப் போட்டாள்.

"இலவசமா? ஏன் இலவசம்?"

"ஓப்பன் சோர்ஸ்ப்பா. ஆப்போட புரோகிராமை யார் வேணும்னாலும் பாக்கலாம்."

"அப்ப என் மெசேஜையும் பாப்பாங்களா?"

"ஐயோ அப்பா! அதை ஒருத்தரும் பாக்க முடியாது. ரெண்டும் ஒரே வைஃபையில இருந்தா தானாப் பேசிக்கும், அவ்ளோதான்."

மண்டபத்தில் படம் வராமல் போய்விடுமோ என்று பயம். மேனேஜரை விரட்டிப் பாஸ்வேர்டு வாங்கி, போனையும் லேப்டாப்பையும் நானே வைஃபையில் இணைத்தேன். (அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.) யாராவது லேப்டாப் வயரில் தடுக்கி விழுவார்களோ என்று திரைக்கு முதுகைக் காட்டிக் காவலுக்கும் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து, சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்த என் மனைவி கலாவுக்குச் சந்தேகங்களை ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போனுக்கு வரும் மெசேஜை அந்த ஆப் திரையிலும் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டது வரவில்லை. கலாவின் பதில்கள் மட்டும் வந்தன.

தொட்டில் படத்தின் மேல்: "கேசரி பத்தாமப் போகாது. மாப்பிள்ளையோட அம்மா எத்தனை தடவை வாங்குறாங்கன்னு எண்ணாதீங்க."

சம்பந்தியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். கூட்டம் சிரித்தது. தொட்டில் படத்துக்குத்தான் என்று நினைத்து நானும் பெருமையாகச் சிரித்தேன்.

அடுத்தது, யூனிஃபார்ம் படத்தின் மேல்: "விக் இல்லைங்க. சொந்த முடிதான். பக்கத்துல போயே பாத்துட்டேன்."

மண்டபமே மாப்பிள்ளை சுரேஷின் தலையைப் பார்த்தது. அவருடைய அப்பா எழுந்துவிட்டார். "என்ன சம்பந்தி இதெல்லாம்?"

அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தேன். மேடையில் நித்யாவின் முகம் வெளுத்திருந்தது. நிச்சயம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்தேன்.

சுரேஷ் இறங்கி வந்து என் முன்னால் குனிந்தார். "சந்தேகத்தோட பொண்ணு குடுக்காதீங்க மாமா. இழுத்துப் பாத்துக்குங்க."

சேச்சே, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இழுத்தேன். கொஞ்சம் பலமாகவே.

"ஆ!"

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். அவர் சிரித்த பிறகே அவர் கணவர் உட்கார்ந்தார். தட்டு மாற்றினோம்.

போட்டோகிராஃபர் கடமை தவறாதவர். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளையின் முடி என் கைப்பிடிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்னவென்று கேட்டால், நித்யா முகத்தில் எதையும் காட்டாமல் சொல்வாள்: "அப்பா ஆசீர்வாதம் பண்றாங்க."